புது டிஸ்க்கில் முதலிலிருந்து

திருவொற்றியூரில், கன்டெய்னர் பெட்டிகளை இறக்கி வைக்கும் ஒரு யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். யார்டுக்கு ஒரே சர்வர். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, எது வெளியே போகலாம் என்று அதுதான் சொல்லும். அது சொன்னால்தான் கேட்டில் பாஸ் அச்சாகும்.

அதிலிருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பழையதாகிவிட்டது. மாற்றித் தரத் தலைமை அலுவலகம் ஓர் ஆலோசகரை அனுப்பியது. பழையதன் மேலேயே புதியதை ஏற்றிவிடலாம், அப்கிரேடு செய்ய ஒரு மணி நேரம் போதும் என்றார் அவர். நான் கூடாது என்றேன். எனக்கு முன் வேலை பார்த்த மூன்று பேர் அந்த சர்வரில் கண்டதையும் போட்டு வைத்திருந்தார்கள். எது எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. அதன்மேல் புதியதை ஏற்றினால், ஏதாவது நின்றுபோகும் நாளில் எதனால் நின்றது என்று தெரியாமல் நான்தான் முழிக்க வேண்டும்.

"புது டிஸ்க்ல மொதல்லேந்து போடலாம் சார். பழைய டிஸ்க்க அப்டியே கழட்டி வச்சிக்கலாம். பேஜாரு ஒண்ணும் இல்ல."

அவர் 'பேஜாரு' என்று மெல்லச் சொல்லிப் பார்த்து, எங்கள் மேனேஜர் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குக் காது சூடேறியது. சும்மா கிடந்த ஒரு மெஷினில் சர்வரின் நகலைப் போட்டு, அவர் சொன்னபடியே அப்கிரேடு செய்து காட்டினேன். பாஸ் வெற்றுத் தாளாக வந்தது.

"அதெல்லாம் சரி பண்ணிக்கலாம்" என்றார் ஆலோசகர்.

மேனேஜர் என்னைக் கேட்டார். "உங்க வழியில போய் ஏதாவது ஆச்சுன்னா?"

"நான்தான் பொறுப்புன்னு எழுதித் தரேன் சார்."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினேன். மாலை நான்கு மணிக்கு, சோதனைக்காக ஓர் எடையை நானே போட்டுப் பார்த்தபோது பாஸ் சரியாக அச்சானது.

திங்கள்கிழமை காலை, வண்டியைப் பெட்டியோடு நிறுக்கும் எடைமேடையிலிருந்து சர்வருக்கு எடை வரவில்லை. எடை இல்லாமல் பாஸ் கிடையாது. டிரெய்லர்கள் சாலை வரைக்கும் நின்றன. ஒரு டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, வண்டி கீது, பொட்டி கீது, சீட்டு மட்டும் இல்லியா?"

"என்னாலதான் நைனா நிக்குது. கொஞ்சம் பொறுத்துக்கோ."

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "பழைய டிஸ்க்கை மாட்டுங்க."

"மாட்ட மாட்டேன் சார். காலையில எறங்குன பொட்டியெல்லாம் புதுசுலதான் கீது. பழசை மாட்டுனா அது ஒண்ணும் இருக்காது."

எடைமேடைக்காரரிடம் ஒவ்வொரு வண்டியின் எடையையும் தாளில் எழுதித் தரச் சொன்னேன். கேட்டில் அதைக் கையால் கம்ப்யூட்டரில் ஏற்ற, வரிசை மெதுவாக நகர்ந்தது. அதற்குள் பழைய டிஸ்க்கை சும்மா கிடந்த அந்த மெஷினில் மாட்டித் தேடினேன். அந்த மூவரில் யாரோ எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று ஒரு மூலையில் இருந்தது. எடையைக் கேபிள் வழியாக வாங்கித் தருவது அதுதான். அதைப் புதியதில் போட்டேன். மதியத்துக்குள் எடை தானாக வரத் தொடங்கியது.

மணலியில் இருந்த எங்கள் இன்னொரு யார்டில் ஆலோசகர் தன் விருப்பப்படி அப்கிரேடு செய்தார். ஒரு தடங்கலும் வரவில்லை. அடுத்த மீட்டிங்கில் அதைத்தான் பெரிதாகப் பேசினார்.

"அதுக்குள்ள இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"ஓடுது இல்ல? அது போதும்."

"எனக்குப் போதாது சார்."

அன்று சாயங்காலம், திங்கள்கிழமைத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். எடைமேடை புரோகிராமைக் கவனிக்காமல் விட்டது என் தவறு என்று எழுதினேன். புதிதாகப் போட்டது தவறில்லை என்று அதன் கீழே இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரியை எடுத்துவிட்டால் ஃபைலை மூடிவிடலாம் என்றார் அவர்.

எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.