ராஜேந்திரனின் மூச்சுக்குழாயும் நம்முடைய பாசமும்

கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து மல்லிகா போனில் பேசினார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. நெஞ்சுச்சளி அடங்கவே இல்ல." வழக்கறிஞர் ராஜேந்திரன், கடலூர் நீதிமன்றத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர், இறந்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம்.

ஒரு விபத்துக்குப் பிறகு, மூச்சுவிட அவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூக்கு வடிகட்டி அனுப்பவேண்டிய காற்று அதன்பின் நேராக நுரையீரலுக்கே போனது, கிருமியும் அப்படித்தான். அதனால் அவர் மனைவி மல்லிகா சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழாயைத் தொட்டதில்லை. சளி உறிஞ்சும் டியூபின் நுனி போர்வையில் பட்டால்கூடத் தூக்கிப்போட்டு வேறு எடுப்பார். சாப்பாடு கொடுக்கும்போதும் பிறகும் தலைமாடு உயர்ந்தே இருக்கும். வாயை அன்றாடம் துடைத்துவிடுவார். கடலூர் செம்மண்டலத்தில் இருந்த அவர்கள் வீட்டில் கொசுவத்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது.

ஒருநாள், வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்திருந்ததைப் பார்த்து ராஜேந்திரனுடைய பெரியப்பா மகன் கோபித்துக்கொண்டார். "நாங்க என்ன சீக்கு புடிச்சவங்களா?" ராஜேந்திரன், குரல் வருவதற்காகக் கழுத்துக் குழாயின் வாயை விரலால் மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்: "சீக்கு எனக்குடா. கழுவிட்டு வா." வந்தவர் போனபின் என்னிடம், "ஜட்ஜக்கூட மடக்கிடலாம் மச்சான், சொந்தக்காரன மடக்க முடியாது" என்றார்.

போன மாதம் ராஜேந்திரனின் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக இருவரும் சிதம்பரம் போனார்கள். அங்கே இருமிக்கொண்டே வந்த உறவினர் ஒருவரை மல்லிகா தடுத்தார். "சளி புடிச்சிருக்கு மாமா, தள்ளி நில்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. பாத்து எவ்ளோ நாளாச்சு!" என்று அவர் ராஜேந்திரன் மார்பில் சாய்ந்து அழுதார்.

சில நாளில் காய்ச்சல். சளி மஞ்சளாகத் திரண்டது. மல்லிகா அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பலனில்லை.

அந்த உறவினரால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வக்கீலான எனக்கும் தெரியும், சாட்சியம் போதாது. ஆனால் அதே மனிதர் பாடைக்குப் பக்கத்தில் நின்று "விதி முடிஞ்சிடுச்சு" என்றபோது என்னால் தாங்க முடியவில்லை.

ராஜேந்திரனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, எதிரே இருப்பவர் முகம் கோணுமே என்று தயங்காத பழக்கத்தை. காரியத்தன்று பந்தியில் ஒரு பெண்மணி மல்லிகாவின் காதுபட, "இன்னும் கொஞ்சம் கவனமா பாத்திருக்கலாம்" என்றார். மல்லிகா தலைகுனிந்தார்.

நான் உரக்கவே சொன்னேன்: "இந்தக் குடும்பத்துல கவனமா இருந்தது அவங்க ஒருத்தர்தாம்மா."

பந்தியில் பேச்சு நின்றுபோனது. நிற்கட்டும்.