தலைமாடு தெற்கே

“…அதெல்லாம் வடிவாத்தான் கிடக்குது மச்சான், ஆனா தலைமாடு ஏன் தெற்கை?” என்று மச்சாள் கேட்டாள். ஒரு கை கண்ணாடிப் பெட்டியின் விளிம்பில் இருந்தது, மறு கை நிறைமாத வயிற்றில். அதுவரை அவள் வாயில் வந்ததெல்லாம் புகழ்ச்சிதான். கண்ணாடியின் மினுக்கத்தைப் புகழ்ந்தாள், சேலை மடிப்பைப் புகழ்ந்தாள், சுவரில் தொங்கிய படங்களைக்கூட விடவில்லை. அவள் பேச்சின் போக்கே அதுதான். தேனைத் தடவிக்கொண்டே வந்து, நாம் சப்புக்கொட்டும் நேரம் பார்த்துக் கொடுக்கைக் காட்டுவாள். அன்று மட்டும் அந்தக் கொடுக்கு அவள் பக்கமே திரும்பியிருந்தது.

மச்சாள் என் அம்மானின் மகள். உயிலங்குளத்தில் வயலும் மாடுமாக வாழ்ந்த வீடு அவர்களுடையது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஊர் எங்களைச் சோடி சேர்த்துக் கண்ணடித்த காலமும் உண்டு. “உந்த வாய்க்காரனைக் கட்டினா எனக்குப் பேச எப்ப முறை வாறது?” என்று கேட்டு அவளே அந்தக் கதைக்கு முடிச்சுப் போட்டாள். பிறகு வாய் குறைந்த ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருக்குமான பேச்சைத் தானே பேசி, சந்தோசமாகவே இருந்தாள். எனக்கு எழுத்துப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. மிச்சத்தைச் சனத்தின் வாயில்தான் படித்தேன். அதில் பாதிக்கு மேல் அவளுடைய வாய்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம் அது. மன்னார்க் கோட்டைக்குள் சும்மா கிடந்த ஒரு நீளமான மண்டபத்தை, ஒரு துரையின் பெண்சாதி சித்திரமும் உடுப்பும் பார்வைக்கு வைக்கும் சாலையாக மாற்றியிருந்தாள். துரைச்சாணி கெட்டவள் அல்ல. படம் கீறுவாள். ஒரு சேலைக் கரையைக் கண்டால் அரைமணி நேரம் அதையே தடவிக்கொண்டு நிற்பாள். ஊருக்கு ஊர் சனம் எப்படி உடுக்கிறது என்று காட்டுவது அவளுடைய ஆசை. உடுத்த ஆட்களைச் சந்தையில் பார்க்கலாமே, வெறும் உடுப்பைப் பார்க்க ஏன் ஒரு கட்டடம் என்று சனத்துக்கு விளங்கவில்லை. அதனால் சர்க்கார் அலுவலகத்தைச் சொல்வதுபோல அதற்கு ‘உடுப்புக் கந்தோர்’ என்று பெயர் வைத்தார்கள். நான்தான் அங்கே காவல். பூட்டுகளின் திறப்புக் கோர்வை என் இடுப்பில் இருக்கும். மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டிலிருந்து பெண்கள் வந்து, தங்கள் ஊர்ச் சேலையை உடுத்தி நிறுத்தியிருந்த மரப்பாவையைப் பார்த்து, “எடியே, கருவாடு காயப்போடாமல் இவள் என்னடி சும்மா நிக்கிறாள்!” என்று விழுந்து விழுந்து சிரித்தது இன்னும் காதில் நிற்கிறது. அந்தச் சாலையில் ஊர்ச்சனம் சேர்ந்து சிரித்த காலம் அவ்வளவுதான்.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஊர் ஊராகப் போய் உடுப்புக் கேட்டார். எல்லாரும் கழித்துவிட்ட பழசைக் கொடுத்தார்கள். மச்சாள் மட்டும் பெட்டகத்தைத் திறந்து தன் கூறைச்சேலையை எடுத்துக் கொடுத்தாள். “உள்ளுக்குக் கிடந்து பூச்சி தின்னிறதிலும் பார்க்க நாலு சனம் பார்க்கட்டும். ஆரும் கேட்டா, இது உயிலங்குளத்தாளின்ர கூறை எண்டு சொல்லும் மச்சான்” என்றாள். கலியாணமாகி வருசங்கள் போயும் அவளுக்குப் பிள்ளை இல்லை. பெட்டகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேலை அவளை ஏதோ கேட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கூறை என்றால் தாலி கட்டும் அன்று ஒருதரம் உடம்பில் ஏறும். புருசன் இருக்க மனிசி முந்திவிட்டால், பாடையில் வைக்கும்போது மறுதரம் ஏறும். இடையில் உடுத்தாலும் உடுக்காவிட்டாலும் அந்த இரண்டாம் தரத்துக்காகவே அது பெட்டகத்தில் காத்திருக்கும். துரைச்சாணிக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் குத்தியிருப்பாள்.

பாவைகளைச் செய்தவர் தாழ்வுபாட்டில் கோயில் சுரூபம் செய்கிற ஆசாரியார். முகமும் கைகளும் உயிருள்ளவை போலவே இருக்கும். கண்களை மட்டும் மூடியபடி செதுக்கிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “கண் திறக்கிறது கோயில் சுரூபத்துக்கு. உடுப்புக் கொளுவிற கம்புக்கு என்னத்துக்குக் கண்?” என்றார். மற்றப் பாவைகள் சுவரோரம் நின்றன. கூறை பட்டுச்சேலை, கடற்காற்றில் உப்புப் பிடித்துவிடும் என்று துரைச்சாணி அதைக் கண்ணாடிக்குள் வைக்கச் சொன்னாள். எங்களிடம் இருந்தது முன்பு சங்கும் சிப்பியும் வைத்திருந்த ஒரு நீளப்பெட்டி. அதில் நிற்க வைக்க முடியாது, கிடத்தத்தான் முடியும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று தலைப்பக்கத்தைச் சன்னல் பக்கம் வைத்தாள். சன்னல் தெற்கே இருந்தது.

கூறை உடுத்து, கண்மூடி, மல்லாந்து, தெற்கே தலைவைத்து ஒரு பெண். துரைச்சாணி அங்கே ஒரு பட்டுச்சேலையைக் கண்டாள். எங்கள் சனம் கண்டது ஒரு செத்தவீட்டை.

கூறையை வைத்த முதல்நாள், பாலத்துக்கு அப்பால் பெருநிலப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு கிழவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். திரும்பிப் போகும்போது கோட்டைக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒவ்வொருத்தியாகக் கால் கழுவிவிட்டு வண்டியில் ஏறினார்கள். செத்தவீட்டுக்குப் போனவர்கள் செய்கிற வேலை அது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முசலிப் பக்கத்து முஸ்லிம் துணி வியாபாரி நானா ஒருவர் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். “மௌத்தான ஆக்களின்ட உடுப்ப நாங்க தருமம் குடுத்திருவம் தம்பி. நீங்க ஹயாத்தோட இருக்கிற பிள்ளையின்ட உடுப்பக் கொண்டுவந்து மௌத்தாக்கி வச்சிருக்கிறீங்களே!” என்று சொல்லிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். துரைச்சாணி அந்தக் கிடையைப் படமாகவும் கீறிச் சட்டம் போட்டு மேலே மாட்டினாள். எங்கள் வீடுகளில் எந்த மாதிரி ஆட்களின் படத்துக்கு அந்தக் காலத்தில் சட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் உயிலங்குளத்திலிருந்து செய்தி வந்தது. மச்சாள் பிள்ளைத்தாச்சி.

சந்தோசப்படுவதற்கு முன்னால் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. கூறையைத் திருப்பித் தரும்படி துரைச்சாணியிடம் கேட்டேன். கொழும்பிலிருந்து பெரியதுரை பார்வையிட வருகிறார், அவர் பார்த்த பிறகு தரலாம் என்றாள். பெரியதுரை இந்தா வாறார், அந்தா வாறார் என்று மாதங்கள் போயின. ஒருநாள் நானே பெட்டியைக் கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்தேன். மறுநாள் அவள் வந்து, “வெளிச்சம், வெளிச்சம்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தபடி பழையபடி திருப்பினாள். தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் காலம். பூட்டிய மண்டபத்துக்குள் அந்தத் தெற்குச் சன்னல் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். அது வாசலைத் தட்டுகிற சத்தம் போலவே இருக்கும்.

மச்சாளின் காதுக்கு எட்டக்கூடாது என்று வீட்டில் எல்லாரும் பொத்திப் பொத்தி வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒருமுறை பார்க்கப் போனேன். கால் இரண்டும் வீங்கி, பனங்கிழங்கை உரித்துக்கொண்டு இருந்தாள். வழக்கமான நக்கல் ஒன்றும் இல்லை. நான் கிளம்பும்போது மட்டும், “மச்சான், என்ர சேலை சுகமே?” என்றாள். “ஓம், சுகம்” என்றேன். “அப்ப சரி” என்று கிழங்கைப் பார்த்துக் குனிந்தாள். எல்லாம் தெரிந்துதான் கேட்டாள் என்று பாலம் கடந்து வரும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பெட்டியைக் கண்ட பெண்கள் அவளுடைய வீட்டு வாசலில் வந்து நின்று, அவள் முகத்தை ஒருவிதமாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். உயிரோடிருக்கிறவளுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் பார்வை அது.

வீக்கம் முகத்துக்கு ஏறியதும் மருத்துவிச்சி கைவிரித்துவிட்டாள். மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். வண்டி பாலத்தைத் தாண்டியதும், கோட்டை வாசலில் நிறுத்தினால்தான் ஆச்சு என்று மச்சாள் பிடிவாதம் பிடித்தாளாம். “மரக்கட்டைக்குப் பயப்பிடுற ஆளே நீ? பேசாமல் இரு” என்றாராம் வீட்டுக்காரர். “பயமில்லாட்டி நீங்கள் வந்து காட்டுங்கோவன்” என்றாளாம். அந்த மனிதர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார். துரைச்சாணி வெக்கைக்குப் பயந்து மலைநாட்டுக்குப் போயிருந்தாள். மண்டபத்தில் நானும் பாவைகளும்தான். மச்சாள் கையில் ஒரு துணிமுடிச்சோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தப்பியது. தாய் தப்பவில்லை. கூறை அவளோடு நெருப்பில் போனது. பெட்டியைத் திறந்ததற்காக என் உத்தியோகமும் போனது. அதைப் பற்றி எனக்கு அன்றும் கவலை இல்லை, இன்றும் இல்லை. துரைச்சாணி சீமைக்குப் போனதும் உடுப்புக் கந்தோரை மூடிவிட்டார்கள். இப்போது அந்த மண்டபத்தில் உப்பு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பாவைகளை வெளியே வீசியபோது அந்தக் கண்மூடிய தலையை மட்டும் நான் எடுத்துவந்தேன். என் அலுமாரியில் கிடக்கிறது. மல்லாத்தி வைப்பதில்லை. கண்டவர்கள் ஏன் அது ஒருபக்கம் சரிந்து கிடக்கிறது என்று கேட்பார்கள். போன கிழமை மச்சாளின் மகன் வந்திருந்தான். மீசை அரும்பிய பிள்ளை, வாய் மட்டும் தாயின் வாய். சனம் அவனுக்குப் பலதும் சொல்லியிருக்கிறது. பெட்டியைக் கண்ட பயத்தில்தான் தாய் செத்தாள் என்றும், மருத்துவம் தோற்றது அந்தப் பொம்மையால்தான் என்றும். “உண்மையைச் சொல்லுங்கோ மாமா. அம்மா பயந்துபோயோ அங்க இருந்து வந்தவ?” என்று கேட்டான். நான் கண்டதை அப்படியே சொன்னேன்.

“தலைமாடு ஏன் தெற்கை?” என்று கேட்டாள் உன் தாய். “வெளிச்சத்துக்கு” என்றேன். வேறு என்ன சொல்ல? “ஓம், வெளிச்சத்துக்குத்தான்” என்று அவள் அந்த மூடிய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். சன்னல் அடித்தது. அவள் உதடு நடுங்கியதையும் கண்டேன், அதை மறைக்க மாட்டேன். பிறகு, “திறவும் மச்சான்” என்றாள். திறந்தேன். கூறையின் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தாள். மடிப்பு மடிப்பாகக் கழன்று வந்தது. உள்ளே உடம்பு என்று ஒன்றும் இல்லை. நாலு மரச்சட்டம், கயிறு, வைக்கோல். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். “சீ, வயல் வெருளி! எங்கட வைக்கல்! இதுக்கோ மச்சான் ஊரெல்லாம் கால் கழுவினது?”

கூறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் துணிமுடிச்சை அவிழ்த்து, ஆசுப்பத்திரிக்கென்று கொண்டுவந்த நூல்சேலை ஒன்றை எடுத்தாள். “பொம்பிளைப் பிள்ளையை வெறும் மேலோட விடப்படாது” என்று சொல்லி, அந்த வைக்கோலுக்குச் சுற்றி உடுத்திவிட்டாள். பிறகு குனிந்து, மூச்சு வாங்க, தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, மல்லாந்து கிடந்த அந்த மரப்பெண்ணை, தூங்குகிறவளைப் போல, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.