அம்மா என்னை ‘ஏனுங்க’ என்றாள்

பன்னிரண்டு வருடமாக அம்மா பெரியநாயக்கன்பாளையத்தில் என்னோடுதான் இருக்கிறாள். வெள்ளகோவிலில் இருக்கும் அக்கா சரசு, பொங்கலுக்கு வந்து ஒரு சேலையைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

போன வருடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, கோவையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கஞ்சி ஊட்டிய என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க யாருங்க? எம்புள்ள சரசு வாராளா?" என்றாள். என்னை எப்போதும் ‘ஏ புள்ள’ என்று கூப்பிடுகிற வாய், அயலாரைக் கூப்பிடுவதுபோல் ‘ஏனுங்க’ என்றது! மனதில் இருந்தது வெளியே வந்துவிட்டது என்று எனக்கு வயிறு எரிந்தது. "பேச்செல்லாம் தெளிவா இருக்குதுங்களா?" என்று நர்ஸ் கேட்டபோதெல்லாம், வெட்கத்தில் "நல்லாத்தான் பேசறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கிவிட்டு, சரசு வீட்டுக்குப் போகிறேன் என்று கட்டிலை விட்டு இறங்கினாள். விழுவதற்குள் நர்ஸ் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

மனநல மருத்துவரை வரவழைத்தார்கள். "இத்தன நாளா ஏனுங்க சொல்லல?" என்று என்னைக் கேட்டார். சிறுநீரில் கிருமி சேர்ந்து மூளை குழம்பியிருக்கிறது, ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு இப்படி வரும், இது மனதில் உள்ள பேச்சல்ல என்றார்.

மருந்து கொடுத்து நான்கே நாளில் தெளிந்தது. "ஏ சாந்தி, தண்ணி குடு புள்ள" என்றாள். அழுதுவிட்டேன். குடித்து முடித்ததும், "சரசு இன்னும் வரலையா?" என்றாள். "நெனவு நல்லாவே திரும்பிருச்சுங்க" என்று டாக்டர் சிரித்தார்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் யாருக்குத் துணை இருந்தாலும், பேச்சு கொஞ்சம் மாறினாலே நர்ஸிடம் சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சலை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்கிறேன்.