விளையாடாம ஒழுங்கா இருக்கானா மிஸ்?

பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொண்டிருக்கிற ஒன்றை நிறுத்திவிட்டு, அதையே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர்தான் நர்சரி மிஸ் வேலை. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தொண்டைக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் பெயில். வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று, தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் நடந்த நர்சரிக்கு அனுப்பினார்கள். அதை நடத்திய மேடம் எனக்குக் கொடுத்த பாடம், கணக்கு.

மண்

தினேஷுக்கு நாலு வயசு. பின்பக்கம் கட்டட வேலைக்குக் கொட்டி மிச்சமான மணலில்தான் அவனுக்கு எல்லாமே. உயரமான போர்ன்விட்டா டப்பாவில் மணலை நிரப்புவான். அதை அகலமான பிளாஸ்டிக் பேசினில் கொட்டுவான். “கொறஞ்சு போச்சு மிஸ்” என்பான். திரும்ப டப்பாவில் கொட்டினால் விளிம்பு வரைக்கும் வரும். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் கொட்டிப் பார்ப்பான். காலையெல்லாம் இதே விசாரணை. நான் குறுக்கே போகவில்லை. பெரிய ஞானத்தால் இல்லை, அவன் ஒருத்தனாவது கத்தாமல் இருந்தானே என்றுதான்.

அவன் அப்பா மைன்ஸில் அண்டர்கிரவுண்ட் ஆள். மைன்ஸை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மூடிவிட்டால் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குக் கூலிக்குப் போகணும். மகனுக்கும் அந்தக் கதி வரக் கூடாது, அவனைப் பெரிய இங்கிலீஷ் ஸ்கூல் எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடணும். அதற்கு வரும் கோடையில் இன்டர்வியூ. அந்த மனுஷனுக்கு இந்த ஒரு சீட்டைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர், மகன் இடுப்பு வரை மணலில் இருப்பதைப் பார்த்தார்.

“நான் பூமிக்கு அடியில கல்லு மண்ணுல கெடக்கறது பத்தாதா மிஸ்? இவனுக்கு ஃபீஸ் கட்டி வேற மண்ணு வாரச் சொல்லணுமா?”

ஸ்டார்

அன்றிலிருந்து மேடம் உத்தரவு: தினேஷுக்குத் தினமும் பக்கம் பக்கமாக ‘ஏ’ எழுத ஹோம்வொர்க். அவன் விரல் பென்சிலைப் பிடிக்கவே இன்னும் பழகவில்லை. ஆனால் டிபன் பாக்ஸ் கிளிப்பைக் கழற்றி மாட்டும்போது அதே விரல் எப்படித்தான் வேலை செய்யுமோ. இதைச் சொன்னால் மேடம், “கிளிப் மாட்டத் தெரிஞ்சா சீட் தருவாங்களா?” என்பார். நியாயம்தான். தரமாட்டார்கள்.

மறுநாள் முதல் ஹோம்வொர்க் தவறாமல் வந்தது. கோடு கொஞ்சம் கோணல், ஆனால் போகப்போக முன்னேற்றம். ஒரு நாள் குஷியில் சிவப்பு மையில் ஸ்டார் போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் தினேஷ் அம்மா கேட்டுக்கு வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“இடது கையாலதான் எழுதினேன் மிஸ், அவன் எழுதின மாதிரி இருக்கணுமேன்னு. நான் படிக்கச்சே ஒரு மிஸ்ஸும் எனக்கு ஸ்டார் போட்டதில்ல.”

ஒரு ஆளு கீழ இருக்குது

மேடம் புது டிவி வாங்கினார். அந்த அட்டைப் பெட்டி எங்களுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு அது கேஜ். அப்பாக்களைச் சுரங்கக் குழிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினேஷ்தான் ஆள் கணக்கு பார்க்கிற கிளார்க், டோக்கன் பாபு. இறங்குகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சோடா மூடி கொடுப்பான். மேலே வந்ததும் வாங்கி, தரையில் கரியால் போட்ட கட்டத்தில் ஆளுக்கு ஒன்றாக வைப்பான். அவனுக்கு அஞ்சுக்கு மேல் எண்ண வராது. அதற்கு அவசியமும் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் மேடத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள் என்று ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, பிள்ளைகளை வாசலில் லைன் கட்டச் சொன்னேன். தினேஷ் மட்டும் வரவில்லை. “ஒரு டோக்கன் வரல. ஒரு ஆளு கீழ இருக்குது.” வாடா என்று இழுத்தேன். தரையில் உருண்டு அழுதான். எரிச்சலில் பெட்டியைத் தூக்கி வைக்கப்போனேன். அதற்குப் பின்னால், பெஞ்சுக்கு அடியில், சாந்தி என்கிற பொடிசு கையில் மூடியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கவனிக்காமல் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டினார்.

“காலையில அட்டெண்டன்ஸ் போட்டோம் இல்ல? அப்புறம் எப்படி காணாம போவா?”

இன்டர்வியூ

அப்பாவுக்கு ஷிஃப்ட். அம்மாவுக்கு இங்கிலீஷ் என்றாலே வேர்க்கும். துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். தினேஷுக்கு வழிய வழிய எண்ணெய், ஷூ, கழுத்து வரை பட்டன். வழியெல்லாம் அம்மா “ஆப்பிள் சொல்லுடா, பனானா சொல்லுடா” என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு படத்தைக் காட்டினார். “வாட் இஸ் திஸ்?”

தினேஷ் படத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். “உனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்று சிரித்தார்.

“அப்புறம் ஏன் கேக்கற?”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அதற்குள் தினேஷ் படக்கட்டை இழுத்து, திங்கறது ஒரு பக்கம், திங்காதது ஒரு பக்கம் என்று மேசையில் பிரிக்க ஆரம்பித்துவிட்டான். கோழியை எங்கே வைப்பது என்று ரொம்ப நேரம் யோசித்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டார்.

“ரொம்ப விளையாட்டுப் புத்தி. ஒரு வருஷம் உக்காரப் பழக்கிக் கூட்டிட்டு வாங்க.”

சீட் இல்ல

மறுநாள் அப்பா என்னை நாலு வார்த்தை கேட்டுவிட வந்தார். கையில் டிபன் கேரியர், கண்ணில் தூக்கமில்லை. நானும் பதிலுக்குக் கத்தத் தயாராகத்தான் இருந்தேன். பின்பக்கம் ஒரே சத்தம். என் துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் தினேஷ். எதிரே மற்ற பிள்ளைகள் வரிசையாக. கையில் தீப்பெட்டிப் படங்கள்.

“வாட் இஸ் திஸ்? திஸ் இஸ் எ லயன். சிட் ப்ராப்பர்லி. வாட் இஸ் திஸ்? திஸ் இஸ் எ ஷிப். டோன்ட் க்ரை.” நான் சொல்லிக்கொடுக்காத வார்த்தையெல்லாம் வந்தது. எங்கே பொறுக்கினானோ. அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

“டேய், இத்தனை தெரியுமா? அங்க ஏண்டா சொல்லல?”

“அவங்களே கேட்டுகினு இருந்தாங்கப்பா. எனக்கு கேக்க சான்ஸே தரல. நீ வந்து உக்காரு.”

அவர் உட்கார்ந்தார். தினேஷ் ஒரு படத்தை நீட்டினான். மயில். இங்கிலீஷில் சொல்லணும். அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

“தெரியலடா.”

“சீட் இல்ல. அடுத்த வருஷம் வாங்க.”

அவர் மயில் படத்தை மகனிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு வைத்திருந்த திட்டு எங்கே போனதோ தெரியவில்லை. கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

“பெத்த அப்பனுக்கே சீட்டு இல்லேன்றான். இதுக்கு மேல அந்த ஸ்கூல்ல இன்னா கத்துக்கப்போறான் மிஸ்? ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும்.”

பெரியவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் தானாகப் படித்துவிடுவார்கள், ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு எந்த மேடமும் சம்பளம் தரமாட்டார் என்பதுதான் இந்த வேலையில் நான் கண்ட ஒரே கணக்கு.