ஆத்தாவுக்குத் தேக்குப் பெட்டி

ராசாங்கம் சிங்கப்பூருக்குப் போய் ஒன்பது வருஷம். கப்பல் பட்டறையில் வெல்டர்; ஊருக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் இன்ஜினீயர். 1984 மாசியில், ஆத்தா பொன்னாயி போய்விட்டாள் என்று தந்தி வந்தது. மெட்ராசில் இறங்கி டாக்சி பிடித்து மறுநாள் காலை குரும்பலூர் வந்து சேர்ந்தான். எடுப்பதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், தன் கையால் வாய்க்கரிசி போட வேண்டும் என்பதே வழியெல்லாம் அவன் தவிப்பு.

ஆத்தா இன்னும் வீட்டுக்குள்தான் இருந்தாள், ஐஸ் கட்டிகளுக்கு நடுவில். ஆனால் வாசலில் பங்காளிகள் பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் வைத்துப் பாடை கட்டுவதைக் கண்டதும் ராசாங்கத்துக்கு மானம் போனது. பளபளக்கும் பெட்டிகளில் சீனக் கிழவர்கள் ஊர்வலம் போவதைப் பார்த்துப் பழகிய கண்ணாயிற்றே. நான் இருக்கும்போது என் தாயைக் கீற்றில் வைத்தா தூக்குவது என்று கேட்டான்.

அக்கா சிந்தாமணி ஓடி வந்தாள். "மொதல்ல உள்ள வந்து மொகத்தப் பாருடா. ஒம்போது வருசமா வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தா."

"பெட்டியோட வந்து பாக்குறேன்க்கா" என்று அதே டாக்சியைப் பெரம்பலூருக்குத் திருப்பினான்.

அங்கே அரியமுத்து ஆசாரி கட்டிலும் கதவும் செய்பவர். சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களுக்கு எப்போதாவது பெட்டியும் அடிப்பார். வேப்பம்பலகையில் ஒன்று தயாராகவே இருந்தது. ராசாங்கம் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, தேக்கு, பித்தளைக் கைப்பிடி, வார்னிஷ் என்று அடுக்கினான். ஆசாரி ஒரு கல்யாணக் கட்டிலுக்கு வைத்திருந்த பலகையை எடுத்தார்.

"ஆத்தா என்ன உசரங்க?"

"என் தோள் உசரம் இருக்கும்."

"இப்பவா, நீங்க பொறப்பட்டப்பவா?"

ராசாங்கம் தாராளமாக ஆறடிக்கே அடிக்கச் சொன்னான்.

பெட்டியும் ஆசாரியும் ஊர் வந்தபோது மணி நாலு. நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டுவதையெல்லாம் பங்காளி மகன் செல்லப்பனை வைத்து முடித்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். பெட்டி உள்ளே போனது; ராசாங்கம் வெளியே நின்றுவிட்டான். தேக்குக்கு நாலு தோள் போதாது, எட்டு வேண்டும், அதில் யார் முன்னால் என்று பங்காளிகளுக்குள் தகராறு. அதைத் தீர்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆத்தா பெட்டிக்குள் ஆடினாள். அவன் அனுப்பி அவள் கட்டாமலே வைத்திருந்த நைலெக்ஸ் சேலைகளைச் சுற்றிலும் திணித்தார்கள். பெண்கள் அரிசி போட்டு முடித்ததும், வேலையில் சுத்தமான ஆசாரி தன் வழக்கப்படி மூடியை வைத்துப் பதினெட்டு ஆணி அறைந்தார்.

இடுகாட்டில் குழி வெட்டி வைத்திருந்த வெட்டியான் அமாவாசை, ஆம்பளைகள் வாய்க்கரிசி போட வரலாம் என்றார். கை நிறைய அரிசியோடு முதல் ஆளாக ராசாங்கம் போனான். அப்போதுதான் மூடியில் அறைந்திருந்த ஆணிகளைப் பார்த்தான்.

"வார்னிஷ் மேல போட்டுருங்க மச்சான்" என்றான் யாரோ ஒருவன். செல்லப்பன் அவனை அதட்டினான்.

ராசாங்கம் கடப்பாரையை வாங்கித் தானே நெம்பினான். தேக்கு பிளந்தது. சேலைகளுக்கு நடுவே ஆத்தா தெரிந்தாள். அவன் நினைத்திருந்ததில் பாதிதான் இருந்தாள். தலை முழுக்க வெள்ளை. எப்போது நரைத்தது என்று யாரிடம் கேட்பது? மூன்று முறை அரிசி போட்டான். மூன்றாவதில் பாதி கன்னத்தில் சிந்தியது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

ஆசாரி புது ஆணிகளோடு குனிந்தார்.

"அடிக்காதீங்க" என்றான் ராசாங்கம். "மூடாமயே எறக்குங்க."