பதினெட்டாவது லிப்ஸ்டிக்

என் மேசை மேல் ஒரு லிப்ஸ்டிக் நிற்கிறது. கறுப்பு மூடி. அடியில் ஒட்டியிருந்த காகிதம் தேய்ந்து, நிறத்தின் எண் தெரியவில்லை. முழுவதும் திருகினாலும் மேலே கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும். எழுபத்தோரு வயது ஆண்பிள்ளையின் மேசையில் இதற்கு என்ன வேலை என்று வீட்டு வேலைக்கு வரும் பெண் இரண்டு முறை கேட்டுவிட்டாள். இது என் அக்காவுடையது. அக்கா போய்ப் பதினான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன.

பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டில் நான் அம்மாவைப் போல வெளுப்பு, அக்கா அப்பாவைப் போல நல்ல கறுப்பு. அவளுடைய இருபத்திரண்டாவது வயதில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. நிச்சயதார்த்தத்தன்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி அவள் முகத்தில் பவுடரை அப்பி, உதட்டில் தன்னுடைய ரோஸ் லிப்ஸ்டிக்கை இழுத்துவிட்டார். அன்பாகத்தான் செய்தார். ஆனால் அந்தக் கறுத்த உதட்டில் ரோஸ் சாம்பல் பூத்தாற்போல் உட்கார்ந்தது. அந்த முகத்தோடுதான் போட்டோவும் எடுத்தார்கள். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். மாப்பிள்ளையின் அத்தை சத்தமாகவே, "பொண்ணைக் காட்டுங்கன்னா பொம்மையைக் காட்டுறீங்களே!" என்றார். ஏழு பேர் சிரித்தார்கள். எண்ணினேனே தவிர நான் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தம் நின்றது. அதற்குப் பிறகு வந்த எந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் அக்கா வந்து நிற்க மறுத்துவிட்டாள்.

சிவாஜிநகரில் ஒரு ஃபேன்சி கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லிப்ஸ்டிக் கவுண்டருக்குச் சிவந்த பெண்கள்தான் வேண்டும் என்று முதலாளி அவளை மூன்று வருடம் பின்னறையில் வளையல் பெட்டி அடுக்க வைத்திருந்தார். ஒரு நாள் அவள் நிறத்திலேயே ஒரு நர்ஸ் வந்து, எதுவும் பொருந்தாமல் திரும்பப் போனார். அக்கா பின்னறையிலிருந்து ஓடிவந்து வாசலில் அவரை நிறுத்தி, தான் போடுகிற செங்கல் நிறத்தில் ஒன்றைக் கொடுத்தாள். அடுத்த வாரம் அந்த நர்ஸ் இன்னும் நான்கு பேரைக் கூட்டி வந்தார். அதற்கப்புறம் அக்கா கவுண்டரை விட்டு இறங்கவே இல்லை. நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில், ஆட்களின் வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸில் இருந்தேன். லீவு நாட்களில் அவளைக் கூட்டிவரப் போய்க் கடை ஓரமாக நிற்பேன். "கையில போட்டுப் பாக்காதீங்க மேடம். கை வேற, உதடு வேற. விரல் நுனியில தடவுங்க, வாசலுக்கு வந்து வெயில்ல பாருங்க" என்பாள். கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில் இதையே சொல்வாள். ஒரு மாலையில் அதிகபட்சம் இருபத்திரண்டு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் மனைவி இறந்த பிறகு வீட்டில் நானும் அக்காவும்தான். வேலையை விட்ட பின்னும் தினமும் காலையில் லிப்ஸ்டிக் போட்ட பிறகுதான் காபி குடிப்பாள். அவளுடைய இழுப்பறையில் பதினேழு லிப்ஸ்டிக். "எதுக்குக்கா இத்தனை?" என்று கேட்டால், "எண்ணு, எண்ணு. நீ சாவுற அன்னிக்கும் எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு எண்ணிட்டுத்தான்டா கண்ணை மூடுவே" என்பாள்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் உறவுக்காரர்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். தெரிந்த ஒரு அம்மாளின் அடக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது, ஆட்டோவில் அக்கா சொன்னாள்: "பாத்தியா, எல்லாப் பொணத்துக்கும் அதே ரோஸ். நான் போனா நீதான் அதைத் துடைச்சுட்டு என்னுதைப் போட்டு விடணும். அந்த மூஞ்சியோட என்னை இன்னொரு போட்டோவுல நிக்க வைக்காதே." செய்கிறேன் என்று சொன்னேன்.

அக்காவின் அடக்கத்தன்று மூன்று மணிக்கே வண்டி வந்துவிட்டது. சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்த பெண் அதற்குள் அக்காவின் உதட்டில் ரோஸைப் போட்டு முடித்திருந்தார். "எல்லாருக்கும் இதான் சார் போடுறது. களையா இருக்கும்" என்றார். ஈரக் கைக்குட்டையால் ஐந்து முறை துடைத்தேன். போய் இழுப்பறையைத் திறந்தேன். பதினேழும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மூடி; ஒன்பது செங்கலுக்குப் பக்கத்து நிறம். தினமும் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தவன் நான். அவள் போடுவது எது என்று எனக்குத் தெரியவில்லை. பாஸ்டருக்கு நான்கரைக்கு வேறொரு அடக்கம். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஒவ்வொன்றாகத் திறந்து என் புறங்கையில் கோடு இழுத்தேன். ஆறாவது கோடு அசல் செங்கல். அதைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

என் கை வெளுத்த கை. அதில் செங்கலாக இருந்தது அவள் உதட்டில் வெளிறிச் சாம்பல் பூத்தது. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே சாம்பல். கைக்குட்டையை எடுத்தேன். "பிரதர், டைம் ஆயிடுச்சு" என்றார் பாஸ்டர். மற்றவர்கள் பெட்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நானும் போய் நின்றேன். படம் எடுத்தார்கள், மூடினார்கள். அன்று வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தத் தடவையாவது வாயைத் திறந்திருப்பேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அவள் கைப்பையைத் திறந்தபோது, கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்த இந்த லிப்ஸ்டிக் கிடைத்தது. தினமும் போடுவது என்பதால் அது இழுப்பறைக்கு வந்ததே இல்லை. இத்தனை வருடமும் நான் பதினேழு என்றே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலை இதை விரல் நுனியில் தடவிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தேன். கவுண்டரில் நின்று ஒரு நர்ஸைப் பார்த்துச் சிரிக்கும் அக்காவின் உதடு அப்படியே இருந்தது. உள்ளே வந்து, உறையிலிருந்து அடக்கத்தன்று பிடித்த அந்தப் படத்தை எடுத்தேன். அதில் அவள் வாயருகே விரலைக் கொண்டுபோனேன். வைக்கவில்லை. லிப்ஸ்டிக்கை மூடி மேசையில் நிறுத்தினேன். இன்னும் மூன்று தடவைக்கு வரும். நேற்றுவரை நான்கு.