எத்தனை தடவை போனீங்கன்னு கேட்கிற வேலை

அடி அண்ணாமலையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒருத்தர் என்னைத் திட்ட ஆரம்பித்து, மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்தார். நான் கேட்டது ஒரே கேள்வி. “நேத்து எத்தனை தடவை வெளிக்குப் போனீங்க?” முன்பின் தெரியாதவர்களிடம் போனில் இதைக் கேட்பதுதான் என் தொழில். லோன் வேணுமா, சிம் வேணுமா என்று கேட்டுத் திட்டு வாங்குகிற அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களையாவது பாதியில் கட் பண்ணிவிடுவார்கள். எனக்கு முழுசாகக் கிடைக்கும்.

அவர் மேலும் தப்பில்லை. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். கடை வாசலில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில் கோபம் இறங்கி, எனக்குப் புத்தி சொன்னார்: “கேக்கறதுக்கு வேற எதுவுமே கிடைக்கலியா தம்பி? சாப்டீங்களானு கேளு, அதான் முறை.”

மரியாதை கம்மி

என் முதலாளி ஒரு சர்ஜன். பெருங்குடல், மலக்குடல் இரண்டும்தான் அவருக்கு உலகம். மெடிக்கல் காலேஜில் புரொஃபசர், எல்லாருக்கும் ‘மேடம்’. கேன்சர் கட்டியை வெட்டி எடுத்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் ஆராய்ச்சி பண்ணினாராம். உயிரோடு இருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாருமே கேட்கவில்லையே என்று பிறகு தோன்றியதாம். மலக்குடலை வெட்டித் தைத்த பிறகு அடக்க முடிகிறதா, தூங்க முடிகிறதா, பஸ் ஏற முடிகிறதா, இதுதான் இப்போது அவருடைய ஆராய்ச்சி.

நான் ப்ளஸ் ஒன் பாதியில் நின்றவன். எங்கப்பாவுக்கு மேடம்தான் ஆபரேஷன் பண்ணினார். வார்டில் துணைக்கு நான் இருந்தேன். பள்ளிக்கூடம் போகாததற்கு நல்ல சாக்கு என்றும் சொல்லலாம், பொய் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் விடியும்வரை வலியில் முனகிவிட்டு, மேடம் ரவுண்ட்ஸ் வந்ததும் “நல்லா இருக்கேம்மா” என்று கும்பிட்டார். நான் எழுந்து, “அவர் புளுகறாரு மேடம், எங்களை யாரையும் தூங்க விடல” என்றேன். கூட வந்த டாக்டர்கள் என்னை முறைத்தார்கள். மேடம் முறைக்கவில்லை. அப்பா டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஏன் இவன் என்று கூட இருந்த நித்யா டாக்டர் கேட்டதற்கு மேடம் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது: “இவனுக்கு மரியாதை கம்மி. நமக்கு அதான் வேணும்.”

எல்லாரும் சௌக்கியம்

நித்யா டாக்டர் மேடத்திடம் படிக்கிறவர். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். தாளில் இருக்கிற கேள்வியை மட்டும் படிக்கணும், ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, சொந்தக்காரர்களுக்கு நாம் போன் போடக்கூடாது. அப்படியே செய்தேன். எல்லாரும் நல்லா இருந்தார்கள். ஒருத்தர் விடாமல் நல்லா இருந்தார்கள். மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சௌக்கியமான ஜனங்களுக்கு நான் எதுக்கு என்று கேட்டார்.

அதற்கப்புறம்தான் வேங்கிக்காலிலிருந்து ஓர் அக்கா. அரசாங்க ஆபீஸில் கிளார்க். எல்லாக் கேள்விக்கும் “ஒரு தொந்தரவும் இல்லப்பா” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் டிவி சத்தம் கேட்கிறது, வேலை நாள், மத்தியானம். “ஆபீஸ் போகலியாக்கா?” என்று தாளில் இல்லாததைக் கேட்டுவிட்டேன். போகிறதே இல்லையாம். ஆபீஸில் பாத்ரூம் அந்தக் கோடியில். எழுந்து ஓடுவதற்குள் புடவை கெட்டுப்போய், அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தவர்தான். இதை ஏன் மேடத்திடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “வயித்தக் கிழிச்சு உயிரக் குடுத்திருக்காங்க. அவங்ககிட்டப் போய் இதக் குறையா சொன்னா நல்லாவா இருக்கும்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாரும் நன்றியில் பொய் சொல்கிறார்கள். மேடம் அந்த அக்காவை வரவழைத்தார். மாத்திரை, சாப்பாட்டில் மாற்றம், இடுப்புக்குக் கீழே தசையை இறுக்கி விடுகிற பயிற்சி, எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து அக்கா ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டே ஓ.பி.க்கு வந்து என்னைத் தேடினார். “வாய்க்கொழுப்பு புடிச்ச பையன் நீதானா? நல்லா இருப்பே.”

பையோடு போகலாமா

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற ஒரு பெரியவர். அவருக்கு வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டியிருக்கிறது, மலம் அதில்தான் இறங்கும். என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, தனக்கு ஒரு கேள்வி இருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்காமல் மழையைப் பற்றிப் பேசினார். வாயைத் திறங்க ஐயா, எனக்கு இன்னும் பத்துப் பேர் இருக்காங்க என்றேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரணும், கோயிலுக்குள்ளும் போகணும், இந்தப் பையோடு போகலாமா என்று கேட்டார். ஆபரேஷன் ஆனதிலிருந்து கோயில் வாசலோடு திரும்பிவிடுகிறாராம்.

இதற்குத் தாளில் பதில் இல்லை. மேடத்திடம் போனை நீட்டினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை: “உள்ள வர்றவங்க எல்லாரும் அத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க, ஐயா. நீங்க வெளிய வச்சிருக்கீங்க. போயிட்டு வாங்க.”

சார்

சில மாசம் முன்னால் வந்த லிஸ்டில் எங்கப்பா பெயர் இருந்தது. நித்யா டாக்டரிடம் தள்ளிவிட வேண்டியது. முந்தின தடவை அவர்தான் கேட்டு ‘நல்லா இருக்கார்’ என்று எழுதியிருந்தார். வீட்டிலும் அப்பா அதைத்தான் சொல்கிறார். ஆனால் அவருடைய பெல்ட்டில் புதுசாக ஆணியால் துளை போட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். வீட்டில் நானும் அவரும் வண்டி, கிரிக்கெட் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. நம்பரை அழுத்தினேன்.

தாளில் இருக்கிற மாதிரியே, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். என் குரல் அவருக்குத் தெரியாதா என்ன. வண்டி எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “சொல்லுங்க சார்” என்றார்.

எல்லாம் நல்லா இருக்கு சார், தொந்தரவு இல்ல சார். தாள் முடிந்தது. பெட்டிக்கடைக்காரர் சொல்லிக்கொடுத்த கேள்விதான் மிச்சம்.

“சாப்டீங்களா?”

“டீ குடிச்சேன் சார்.”

“வண்டி ஓட்டற அன்னிக்கெல்லாம் டீதானா?”

அப்பா ஓட்டுவது வேன். பௌர்ணமிக்குக் கிராமத்து ஜனங்களை ஏற்றி வந்து, கிரிவலம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். “டீ மட்டும்தான் சார். சாப்ட்டா அடக்க முடியல. நடு ரோட்டுல, பொம்பளைங்கள வச்சுக்கிட்டு வண்டிய எங்க நிறுத்தறது? முந்தின நாளே சாப்பாட்ட நிறுத்திடுவேன்.” வீட்டில் வெளியே சாப்பிட்டேன் என்பார். நாங்களும் நம்பினோம். முந்தின வாரம் ஸ்டியரிங்கில் கண் இருட்டியதையும் சொன்னார். எதிரில் பஸ்ஸாம்.

அவர் சொன்னதையெல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அவரே முடித்துவைத்தார்: “மேடத்துக்குத் தெரிய வேணாம் சார். பொழைக்க வச்சவங்க, மனசு கஷ்டப்படுவாங்க. நல்லா இருக்கேன்னே எழுதிக்கோங்க.”

நேராக மேடம் அறைக்குப் போனேன். சொந்த அப்பாவுக்குப் போன் போட்டதற்கு முதலில் நல்ல டோஸ் விழுந்தது. பிறகு தாளை வாங்கிப் படித்தார், ரெண்டு தடவை. “பையன் கேட்டது ஆராய்ச்சிக்கு ஆகாது. வைத்தியத்துக்கு ஆகும். நாளைக்கே கூட்டிட்டு வா.”

இப்போது அப்பா பௌர்ணமி அன்றைக்கும் ஸ்டாண்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார், முழுசாகச் சரியாகவில்லை என்பதையும் அவரே மேடத்திடம் சொல்கிறார். பிறந்ததிலிருந்து என்னை ஏய் என்று கூப்பிட்டவர் ஒரே ஒரு தடவை சார் என்று கூப்பிட்டு ஒரு வரி எழுதச் சொன்னார், நான் எழுதவில்லை.